இரத்தத்தின் அமில-காரச் சமநிலை

மனிதரின் தமனி இரத்தத்தின் பி.எச். மதிப்பு 7.35-க்கும் 7.45-க்கும் இடையே, அதாவது இலேசான காரத்தன்மையில், நிலைபெற்றிருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் அமிலமிகை; மேலே போனால் காரமிகை. வளர்சிதை மாற்றத்தில் ஓயாமல் உண்டாகும் அமிலத்தை முதலில் பைகார்பனேட் முதலிய தாங்கல் பொருட்கள் ஏற்கின்றன. அமிலத்தன்மையைக் கூட்டும் கரியமில வாயுவை நுரையீரல் உடனுக்குடன் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் மெதுவானது, அது முழுமையாக ஈடுகட்டச் சில நாட்கள் ஆகும்.

இச்சமநிலையின் அருமையை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது 1952-இல் கோபன்ஹேகனைத் தாக்கிய போலியோ. நோயாளிகளின் இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருக்கவே, அது காரமிகை என்றே மருத்துவர்கள் எண்ணினர். ஆனால் அது, மூச்சுத் தசைகள் செயலிழந்து கரியமில வாயு தேங்கியதால் வந்த அமிலமிகை என்றார் மயக்கவியலாளர் பியோர்ன் இப்சன். பி.எச். அளவீடு அவர் பக்கம் நின்றது. மூச்சுக்குழாயில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் இரவு பகலாகக் கையால் பை அழுத்திக் காற்றூட்ட, இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வித்து அதுவே.

கட்டுப்படாத நீரிழிவில் கீட்டோன் அமிலங்கள் பெருகும்போது நோயாளி ஆழ்ந்து மூச்சிரைப்பதும் அமிலத்தைக் குறைக்கும் உடலின் முயற்சிதான்.

காரநீர் குடித்தால் இரத்தம் காரமாகும் என்ற விளம்பரங்களுக்கு ஆதாரமில்லை. மாறக்கூடியது சிறுநீரின் பி.எச். மட்டுமே.