தனிநபர் தீயரணும் கோப்புப் பகிர்வு மென்பொருள்களும்

கேட்காமல் வரும் இணையத் தொடர்புகளைத் தடுத்து நிறுத்துவது தனிநபர் தீயரணின் வேலை. முன்பின் தெரியாத கணினிகள் வந்து கேட்டால் கோப்பின் துண்டுகளை எடுத்துக் கொடுப்பது கோப்புப் பகிர்வு மென்பொருளின் வேலை. இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் மோதல் தவிர்க்க முடியாதது. தீயரணை அணைக்காமல் அந்த மோதலைத் தீர்க்கும் அமைப்பு முறைகள் 1990களின் இறுதியிலிருந்து படிப்படியாக உருவாயின.

சிக்கலின் வேர் அதற்கும் முந்தையது. 1985ஆம் ஆண்டின் வரையறைப்படி, எஃப்.டி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் வழக்கமான முறையில், கோப்பைக் கேட்ட கணினியை நோக்கி சர்வரே புதிய இணைப்பை ஏற்படுத்தும். தீயரண் இருந்தால் அந்த இணைப்பு வாசலிலேயே நின்றுவிடும். கோரிக்கைக்கும் கோப்புக்குமான இரண்டு இணைப்புகளையும் கேட்பவரே தொடங்கிவிடலாம் என்று 1994இல் ஸ்டீவன் பெலோவின் பரிந்துரைத்தார். மறுமுனையில் எல்லோரும் அணுகக்கூடிய சர்வர் இருக்கும்வரை இது போதுமானது. இரு முனையிலும் வீட்டுக் கணினிகளே இருந்தால் போதாது.

1999 ஜூனில் ஷான் ஃபானிங் வெளியிட்ட நாப்ஸ்டர் அந்த நிலையைக் கொண்டுவந்தது. பாடல்களின் பட்டியல் மட்டும் மைய சர்வரில் இருந்தது. கோப்பு ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேரே சென்றது. கோப்பை வைத்திருப்பவர் தீயரணுக்குப் பின்னால் இருந்தால், கேட்டவரை நோக்கி அவரையே இணைப்பைத் தொடங்கும்படி சர்வர் சொல்லும். இருவருமே தீயரணுக்குப் பின்னால் இருந்தால் பரிமாற்றம் நடக்காது. 2000 மார்ச்சில் வந்த நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளிலும் இதே உத்தி 'புஷ்' என்ற செய்தியாக இடம்பெற்றது.

அதே காலத்தில்தான் தனிநபர் தீயரண்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. பிளாக்ஐஸ், நார்ட்டன், சோன்அலாரம் ஆகியவை பரவலாக நிறுவப்பட்டன. இவற்றில் சோன்அலாரம் செய்த ஒரு பிரிவினை இத்துறைக்கு அடிப்படையானது. ஒரு மென்பொருள் இணையத்துக்குச் செல்வதற்கு ஓர் அனுமதி. வெளியிலிருந்து வருவோருக்கு சர்வராக இருந்து பதில் சொல்வதற்கு வேறோர் அனுமதி. பலர் முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் சொல்லிவிட்டு, பதிவிறக்கம் ஏன் ஊர்ந்து போகிறது என்று குழம்பினார்கள்.

ஈடாங்கி என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பு அந்தக் குழப்பத்துக்கு ஒரு வெளிப்படையான அளவுகோலைத் தந்தது. கணினி இணைந்ததும் அதன் டி.சி.பி. போர்ட்டை (தொடர்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசலை), வழக்கமாக 4662ஐ, சர்வர் வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் 'ஹை ஐடி', வராவிட்டால் 'லோ ஐடி'. லோ ஐடி உள்ள இருவர் ஒருவரோடொருவர் இணைய முடியாது. ஆகவே லோ ஐடி பெற்றவருக்குக் கோப்பு தரக்கூடியவர்களின் எண்ணிக்கையே சுருங்கியது. இதே வலையமைப்புக்காக 2002இல் வந்த ஈம்யூல் மென்பொருளின் பயனர்கள் போர்ட் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டதற்கு இந்த இரண்டு சொற்களே பெரும் காரணம். சாதாரணப் பயனருக்குத் தன் கணினியின் நிலையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஏற்பாடு அதற்குப் பிறகு அரிதாகவே அமைந்தது.

சரியான அமைப்பு முறை அப்போதே தெளிவாகிவிட்டது. மென்பொருள் கவனிக்கும் போர்ட்டை நிலையாக வைக்க வேண்டும். தீயரணில் அந்த மென்பொருளுக்கும் அந்தப் போர்ட்டுக்கும் மட்டும் விதி எழுத வேண்டும். ரவுட்டர் இருந்தால் கணினிக்கு மாறாத உள்முகவரி கொடுத்து, அதே போர்ட்டை அங்கிருந்து கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். இதைச் செய்யச் சோம்பியவர்கள் தீயரணையே அணைத்தார்கள். அது மிகத் தவறான வழி. 4662ஐத் திறக்க வேண்டிய இடத்தில் 135ஆம் போர்ட்டும் சேர்ந்து திறந்துகொண்டது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைந்தது அந்த 135 வழியாகத்தான்.

விண்டோஸ் எக்ஸ்.பி.யில் 2001இலேயே தீயரண் இருந்தது, ஆனால் இயல்பாக அணைந்திருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 அதை இயல்பாகவே இயக்கியது. புதிய மென்பொருள் வெளியிலிருந்து வரும் தொடர்புக்காகக் காத்திருக்க முயன்றால் திரையில் எச்சரிக்கை தோன்றி, தடையை நீக்கலாமா என்று கேட்கும். இதே பேக் வேறொரு கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது: முழுமை பெறாத டி.சி.பி. இணைப்பு முயற்சிகள் ஒரே நேரத்தில் 10க்கு மேல் கூடாது. புழுக்களின் வேகத்தைக் குறைப்பதே நோக்கம். நூற்றுக்கணக்கான கணினிகளைத் தேடும் பிட்டொரண்ட் மென்பொருள்கள் இதில் சிக்கின. பழி தீயரணின் மேல் விழுந்தது. உண்மையில் அந்த வரம்பு தீயரணில் இல்லை, டி.சி.பி. இயக்கிக் கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பையே திருத்தும் அதிகாரப்பூர்வமற்ற கருவிகள் கைமாறின. விஸ்டாவின் சர்வீஸ் பேக் 2இல் இந்த வரம்பு விலக்கப்பட்டது.

2001இல் பிராம் கோகன் வெளியிட்ட பிட்டொரண்ட் தொடக்கத்தில் 6881 முதல் 6889 வரையான போர்ட்களைப் பயன்படுத்தியது. 2005இல் வந்த மியூடொரண்ட் என்ற பிட்டொரண்ட் மென்பொருள், போர்ட் வெளியிலிருந்து எட்டக்கூடியதா என்பதை நிறக் குறியால் காட்டியது. அதற்குள் யு.பி.என்.பி. என்ற ஏற்பாடும் பரவியிருந்தது: மென்பொருளே ரவுட்டரிடம் கேட்டுப் போர்ட்டைத் திறந்துகொள்ளும். பயனருக்கு வேலை மிச்சம். ஆனால் வழக்கமாகக் கடவுச்சொல் எதுவும் கேட்கப்படுவதில்லை. 2008இல் கிளம்பிய கான்ஃபிக்கர் புழுவும் இதே வசதியால் ரவுட்டர்களில் வழி திறந்துகொண்டது. வீட்டுக்குள்ளிருந்து மட்டும் கேட்கப்பட வேண்டிய இந்தக் கோரிக்கைகளுக்கு, இணையத்தின் பக்கத்திலிருந்தும் 8 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் பதிலளிப்பதை 2013இல் ரேப்பிட்7 நிறுவனம் கண்டறிந்தது.

எவ்வளவு கவனமாக விதி எழுதினாலும் தீயரண் பார்க்காத ஓர் இடம் உண்டு: பகிரப்படும் கோப்புறை. அனுமதி பெற்ற மென்பொருள் எந்தக் கோப்பைக் கொடுக்கிறது என்று தீயரண் கேட்பதில்லை. 2002இல் நாதனியல் குட், ஏரன் கிரெக்கல்பெர்க் இருவரும் கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை ஆராய்ந்தார்கள். அவர்களது சோதனையில் கஸா வன்தட்டு முழுவதையும் பகிரும்படி அமைக்கப்பட்டிருந்தது. பங்கேற்ற 12 பேரில் 2 பேர் மட்டுமே அதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

ஐ.பி. 4ஆம் பதிப்பின் முகவரிகள் தீர்ந்துவரவே, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறையை இணைய நிறுவனங்கள் மேற்கொண்டன. இதற்கென்றே 2012இல் 100.64.0.0 எனத் தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. இத்தகைய இணைப்பில் வீட்டு ரவுட்டரில் போர்ட்டைத் திருப்பிவிட்டும் பயனில்லை; கடைசித் தடுப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. மாறாக, ஐ.பி. 6ஆம் பதிப்பில் கணினிக்கே பொது முகவரி கிடைக்கிறது. ஆனாலும் கேட்காமல் வரும் தொடர்பைப் பல ரவுட்டர்கள் இயல்பாகத் தடுப்பதால், அங்கும் அந்த ஒரு போர்ட்டுக்கான விதியைப் பயனர் எழுதவேண்டி வருகிறது.