மடிப்புக்கு முந்தைய கணக்கு: சிப்பாய் முடிவாட்டக் கோட்பாட்டில் 1901ஆம் ஆண்டு நிலை ஒன்று

ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சும் சதுரங்க முடிவாட்டத்தில் எதிர்நிலைக்கும் (ராஜாக்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கட்டங்கள் இடைவிட்டு எதிரெதிரே நிற்பது) இணைக்கட்டங்களுக்கும் உள்ள உறவைப் பேசுவோர், மார்செல் டூஷாம்பும் விதாலி ஹால்பர்ஷ்டாட்டும் 1932இல் வெளியிட்ட மும்மொழி நூலைத் தவிர்க்க இயலாது. இரண்டையும் இணக்கப்படுத்திவிட்டதாக அதன் தலைப்பே அறிவிக்கிறது. பலகையை ஒரு கீல்கோட்டில் மடித்தால் வெள்ளை ராஜாவின் உலவிடம் கறுப்பு ராஜாவின் உலவிடத்தின்மேல் பொருந்தும். ஒன்றன்மேல் ஒன்றாக விழுபவை இணைக்கட்டங்கள். ஒளி ஊடுருவும் தாள்களில் அச்சான படங்கள் இதைக் கண்முன் நிறுத்துகின்றன.

படங்கள் பிழையற்றவை, விளக்கத்தின் வரிசைதான் தலைகீழ் என்பது என் வாதம். லாஸ்கர், ரைக்ஹெல்ம் இருவர் பெயராலும் வழங்கும் 1901ஆம் ஆண்டு நிலையே இதற்குச் சான்று. வெள்ளை: ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு: ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

உள்ளே நுழைய வெள்ளை ராஜாவுக்கு இரு வாயில்களே உண்டு: சி4 வழியாகப் பி5, எச்4 வழியாக ஜி5. டி3இல் நிற்கும் ராஜா சி4ஐ ஒரு நகர்த்தலிலும் எச்4ஐ நான்கிலும் அடையும். ஆகவே அப்போது கறுப்பு ராஜா பி6 பக்கத்துக் காவலுக்கு ஒரு நகர்த்தல் தொலைவிலும், ஜி6க்கு நான்கு நகர்த்தல் தொலைவிலும் நிற்க வேண்டும். இரண்டும் கூடிவரும் கட்டம் சி7 ஒன்றே. டி3க்கு இணைக்கட்டம் சி7 என்று உறுதியானதும் சி4க்குப் பி6, சி3க்குப் பி7 என்பவை தாமே வந்துசேர்கின்றன.

இச்சோடிகள் ஐந்தாம் வரிசையில் மடித்து, ஒரு நெடுவரிசை பக்கவாட்டில் நகர்த்தினால் பொருந்துகின்றன. அந்த ஒரு நெடுவரிசை நகர்வு எங்கிருந்து வந்தது? மடிப்பு இதற்கு விடை தராது. 'நான்கு நகர்த்தல்' என்ற கணக்கு மட்டுமே தரும். எச்4 பக்க வாயிலின் தொலைவு மாறினால் சி7இன் தனியுரிமையும் ஆட்டம் காணும். ஆகவே மடிப்பைக் கணக்கின் விளைவாகக் கொள்ள வேண்டுமே தவிர அதன் காரணமாகக் கொள்ளலாகாது.

டூஷாம்புக்குச் சாதகமான பகுதியும் இந்நிலையிலேயே உண்டு. முதல் வரிசைக்கு நேராக ஒன்பதாம் வரிசை பலகையில் இல்லை. எனினும் வெற்றி தருவது ராஜா பி1 என்ற நகர்த்தலே. கறுப்பின் ஏ7க்கு மடிப்பில் நேராவது பி3. பி1 அதற்கு இரு வரிசை பின்னே, அதே நெடுவரிசையில் நிற்கிறது. இது தொலை எதிர்நிலையின் ஒற்றை-இரட்டைத் தர்க்கமேதான். பி2 என்று ஆடினால் ஏ8 என்ற விடை வெற்றியைத் தடுக்கும். இங்கே இணக்கம் மெய்யானது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த ஒழுங்கு இருபுறமும் இடம் தாராளமாக உள்ளபோதே செல்லும். உலவிடங்கள் வடிவத்தில் ஒவ்வாத நிலைகளில் மடிக்க எதுவுமில்லை. கட்டம் கட்டமாக எண்ணுவது அங்கும் பயன்படும். சிப்பாய் முடிவாட்டங்கள் பற்றிய பியாங்கெட்டியின் 1925ஆம் ஆண்டு ஆய்வையும் இக்கோணத்தில் மீண்டும் படிக்க வேண்டும்.

1901ஆம் ஆண்டு நிலையில் லாஸ்கரின் பங்கு எவ்வளவு, ரைக்ஹெல்மின் பங்கு எவ்வளவு என்பதை இரட்டைப் பெயரைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. எனவே கணக்கு முறைக்கு ஒரு தந்தையைச் சுட்டுவதைத் தவிர்க்கிறேன். டூஷாம்பின் நூலுக்கு முப்பத்தோராண்டு முன்பே அம்முறையைக் கோரும் நிலை அச்சில் இருந்தது என்பதே இவ்வாதத்துக்குப் போதும்.