ஹோய் ஆன்: மணல் மூடிக் காப்பாற்றிய ஊர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "வியட்நாம்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டிட்டு வந்திருக்கே. அதைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுப்பா. பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றார் சீனியர் அண்ணன். ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் அரியர் வைத்துப் பாஸ் செய்தவனிடம் சரித்திரக் கட்டுரை கேட்கும் அவருடைய துணிச்சலைப் பாராட்டி, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2022 கடைசியில் கம்பெனி வேலையாக டா நாங் போனேன். அங்கிருந்து தெற்கே 30 கிலோமீட்டரில் இருக்கிறது ஹோய் ஆன். முதல் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் போனேன். அதன் பிறகு ஞாயிறு என்றாலே அந்த ஊர்தான் என்று ஆகிவிட்டது. நம் கல்லூரி நண்பர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லவே இந்தக் கட்டுரை. கடைசியில் நம் கல்லூரி விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதுவரை பொறுமையாக வாருங்கள்.

பாலத்திலிருந்து தொடங்குங்கள்

காலை 7 மணிக்கு முன்னால் ஊருக்குள் இருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்துவிட்டால் போட்டோ எடுப்பவர்களின் முதுகைத்தான் பார்க்க முடியும். நேராக ஜப்பானியப் பாலத்துக்குப் போங்கள். அடையாளம் தெரியாவிட்டால் பாக்கெட்டில் இருக்கும் 20,000 டாங் நோட்டை எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் அதே பாலம்தான்.

சுமார் 18 மீட்டர் நீளம். மேலே ஓட்டுக்கூரை, நடுவில் வளைந்து ஏறி இறங்கும் மரத்தளம், ஒரு பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சின்னக் கோயில். 1593-ல் ஜப்பானிய வணிகர்கள் கட்டத் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மறுமுனையில் நாய்ச் சிலைகள். குரங்கு ஆண்டில் வேலை தொடங்கி நாய் ஆண்டில் முடிந்தது என்பது ஒரு கதை. இன்னொரு கதை நமக்குச் சுவாரசியமானது. பூமிக்கடியில் ஒரு ராட்சதப் பிராணி படுத்திருக்கிறதாம். தலை இந்தியாவில், உடம்பு வியட்நாமில், வால் ஜப்பானில்! அது புரண்டால் பூகம்பம். அது புரளாமல் இருக்க அதன் முதுகில் அடித்த ஆணிதான் இந்தப் பாலமாம். அஸ்திவாரத்துக்கு இப்படி ஒரு டிசைன் ஐடியாவை எந்தக் கோடிலும் நான் படித்ததில்லை.

1719-ல் நுயென் ஃபுக் சூ என்ற பிரபு இந்தப் பாலத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தூரத்திலிருந்து வருகிறவர்களின் பாலம் என்று அதற்கு அர்த்தம். ஊரின் சரித்திரமே அந்தப் பெயரில் அடங்கிவிடும்.

வந்தவர்கள் யார்?

16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வியட்நாமின் நடுப்பகுதியை நுயென் பிரபுக்கள் ஆளத் தொடங்கினார்கள். வடக்கே ட்ரின் பிரபுக்களோடு பகை முற்றிக்கொண்டிருந்தது. போருக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு வியாபாரம் வேண்டும். து போன் நதியின் முகத்துவாரத்துக்கு அருகில் இருந்த ஹோய் ஆனை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஐரோப்பியர் இதை ஃபைஃபோ என்று அழைத்தார்கள். பட்டு, மிளகு, லவங்கப்பட்டை, அகில் கட்டை எல்லாம் இங்கே கைமாறின. ஜப்பானிலிருந்து வெள்ளியும் செம்பும் வந்தன.

அந்தக் காலத்துக் கப்பல் பருவக்காற்றை நம்பி ஓடியது. ஒரு காற்றில் வந்தால், அடுத்த காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்கு வீடு வேண்டும், கோயில் வேண்டும். இப்படித்தான் ஜப்பானியர் குடியிருப்பும் சீனர் குடியிருப்பும் உருவாயின. நாகசாகி வணிகர் அராக்கி சோதாரோவுக்கு நுயென் பிரபு தம் குடும்பத்துப் பெண்ணையே கட்டிக் கொடுத்தார். 1635-ல் ஜப்பான் அரசு தன் மக்கள் வெளிநாடு போவதையே தடை செய்தது. ஜப்பானியர் குடியிருப்பு மெல்லத் தேய்ந்தது. ஊருக்கு வெளியே வயல் நடுவில் தானி யாஜிரோபே என்ற ஜப்பானிய வணிகரின் கல்லறை இருக்கிறது, ஆண்டு 1647. ஒரு வாடகை சைக்கிள் எடுத்துப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் நெல் வயல். கொஞ்ச நேரம் நம் ஊர் மாதிரியே தெரியும்.

ஜப்பானியர் போன இடத்தைச் சீனர்கள் நிரப்பினார்கள். 1644-ல் மிங் வம்சம் வீழ்ந்தபின் தப்பி வந்தவர்கள் பலர். பாலத்திலிருந்து கிழக்கே ட்ரான் ஃபூ தெருவில் நடந்தால் அவர்களுடைய சங்க மண்டபங்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு ஊர்க்காரர்களுக்கும் தனித்தனி மண்டபம், நம்மவர்கள் பழனியிலும் ராமேஸ்வரத்திலும் சத்திரம் கட்டி வைத்த மாதிரி. ஃபூஜியன்காரர்களின் மண்டபத்தில் கடல் தெய்வமான அம்மனைக் கும்பிடுகிறார்கள். ஹைனான் மண்டபத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1851-ல் 108 ஹைனான் வணிகர்களைக் கடற்கொள்ளையர் என்று சொல்லி அரசுக் கடற்படையினரே கொன்றுவிட்டார்கள். பிறகு அவர்கள் நிரபராதிகள் என்று தெரிந்தது. அவர்கள் நினைவாக நிற்கிறது இந்த மண்டபம்.

சுவரில் ஒரு கோடு

அடுத்த தெரு நுயென் தாய் ஹோக். அங்கே தான் கீ என்ற பழைய வணிகர் வீட்டை டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் ஆற்றங்கரையில். முன்னால் கடை, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் சரக்கு அறை. உத்தரங்களில் பலா மரமும் உண்டு. கூரையில் ஓடுகளை ஒன்று மல்லாத்தி ஒன்று கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். நம் பாட்டி வீட்டு நாட்டு ஓடு! செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு, அதையே ஒல்லியாக இழுத்து நீட்டிய மாதிரி தோன்றும். வாசல் நிலைக்கு மேலே மரத்தில் செய்த இரண்டு வட்டக் கண்கள் பதித்திருப்பார்கள். திருஷ்டி அங்கேயும் உண்டு.

அந்த வீட்டுச் சுவரில் வெள்ளம் வந்த உயரத்தை வருஷம் போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1964-ஆம் வருஷத்துக் கோடு ஆள் உயரத்துக்கு மேல். 1999 நவம்பரிலும் பெருவெள்ளம். 2025 அக்டோபர் கடைசியில் வந்ததும் மறக்க முடியாத வெள்ளம். தாழ்வான தெருக்களில் அக்டோபர், நவம்பர் வந்தாலே தண்ணீர்தான். வழக்கமாகக் காபி குடிக்கும் கடையில் அந்த அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளம் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"சாமானை மேல ஏத்துவோம் தம்பி. வடிஞ்சதும் சேறு காயறதுக்குள்ள கழுவணும். காஞ்சா போகாது."

அவ்வளவுதான் பதில். சில வீடுகளில் மாடித் தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத்தான் கயிறு கட்டிச் சரக்கை மேலே தூக்குவார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டிய வீடுகள். ஒவ்வொரு வருஷமும் நனைந்தும் இருநூறு வருஷமாக நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு வருஷமும் யாரோ கழுவியிருக்கிறார்கள், உளுத்த கட்டையை மாற்றியிருக்கிறார்கள்.

ஊர் எப்படி மிஞ்சியது?

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். இவ்வளவு பெரிய துறைமுகம் ஏன் சிங்கப்பூர் மாதிரி வளரவில்லை? ஆறு தூர்ந்துவிட்டது. து போன் கொண்டுவந்த மணல் முகத்துவாரத்தில் படிந்துகொண்டே போனது. கப்பல்களோ பெரிதாகிக்கொண்டே போயின. கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் ஆழமாக இறங்க இறங்க, ஹோய் ஆனுக்குள் நுழைய முடியவில்லை. இதற்கிடையில் 1770-களில் தாய் சன் கலகப் போரில் ஊர் பலத்த அடி வாங்கியது. 1835-ல் மின் மாங் அரசர், ஐரோப்பியக் கப்பல்கள் டா நாங்கில் மட்டுமே நிற்கலாம் என்று உத்தரவிட்டார்.

அந்த டா நாங் கதையில் நம் புதுச்சேரியும் வருகிறது. 1787-ல் பிக்னோ என்ற பாதிரியார் மூலம் நுயென் ஆன் பிரெஞ்சு மன்னரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். படை உதவிக்குப் பதிலாக டா நாங் துறைமுகத்தையும் ஒரு தீவையும் தருவதாகப் பேச்சு. படை புறப்பட வேண்டிய இடம் புதுச்சேரி. அங்கிருந்த கவர்னர் கான்வே முடியாது என்று கையை விரித்துவிட்டார். பாதிரியார் விடாமல் ஆட்களையும் ஆயுதங்களையும் தாமே திரட்டிக்கொண்டு 1789-ல் கடல் ஏறினார். அந்த நுயென் ஆன்தான் 1802-ல் ஜியா லாங் என்ற பெயரில் வியட்நாம் முழுவதற்கும் அரசரானார். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வளர்த்தது டா நாங்கைத்தான். ரயில், துறைமுகம், பெரிய கட்டடம் எல்லாம் அங்கே. ஹோய் ஆனை யாரும் கண்டுகொள்ளவில்லை. காசு வராததால் இடித்துக் கட்டவும் யாருக்கும் வழியில்லை. தோற்றுப்போன துறைமுகம் என்பதாலேயே ஊர் பிழைத்தது.

ஆனால் அதிர்ஷ்டம் மட்டும் போதாது என்பதற்கு மி சன் சாட்சி. ஹோய் ஆனிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. 4-ஆம் நூற்றாண்டில் சாம்பா அரசர் பத்ரவர்மன் இங்கே பத்ரேஸ்வரர் என்ற பெயரில் லிங்கம் பிரதிஷ்டை செய்தார். 13-ஆம் நூற்றாண்டு வரைக்கும் சாம் மன்னர்கள் செங்கல் கோயில்களாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். "நம்ம சோழர்கள் கட்டியதுதானே?" என்று சிலர் அங்கே போய் அடித்து விடுகிறார்கள். அப்படி இல்லை. கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் சாம் மொழியிலும் இருக்கின்றன. கட்டியவர்கள் சாம் மக்கள். அந்தப் பெருமையை அவர்களுக்கே விட்டுவிடுவோம். செங்கலுக்கும் செங்கலுக்கும் இடையே சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. சிவில் பசங்க கட்டாயம் தொட்டுப் பார்க்க வேண்டிய வேலை (காவலர் பார்க்காதபோது என்று நான் சொல்லமாட்டேன்).

1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கே மிகச் சிறந்த கோபுரம், ஏ-1 என்று எண் போட்டது, நொறுங்கிப் போனது. பத்து நூற்றாண்டு தாங்கியது சில நாட்களில் போயிற்று. 1981-ல் காசிமியர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி என்ற போலந்து ஆர்க்கிடெக்ட் வந்தார். மி சன் இடிபாடுகளை எடுத்துக் கட்டியதோடு, ஹோய் ஆனின் பழைய வீடுகளையும் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடியவர் அவர். 1997-ல் வியட்நாமிலேயே காலமானார். 1999-ல் ஹோய் ஆனும் மி சன்னும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஹோய் ஆனில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். மி சன்னில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் வேலை செய்திருக்கிறது. 2020-ல் அந்த வேலையின்போது ஒரே கல்லில் செய்த லிங்கம் ஒன்று கிடைத்தது.

சில நடைமுறைக் குறிப்புகள்: பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். 2025 ஜூலை முதல் ஹோய் ஆன் நிர்வாகத்தில் டா நாங் மாநகரத்தோடு சேர்ந்துவிட்டது. டா நாங்கில் சாம் சிற்ப மியூசியத்தை முதலில் பார்த்துவிட்டால் மி சன் நன்றாகப் புரியும். சந்திர மாதத்தின் 14-ஆம் நாள் இரவு ஹோய் ஆனில் விளக்கணைத்து லாந்தர் ஏற்றுவார்கள், தவறவிடாதீர்கள். சைவக்காரர்கள் "சாய்" என்று எழுதிய கடையைத் தேடுங்கள். அது டீக்கடை அல்ல, சைவச் சாப்பாட்டுக் கடை!

மறுபடியும் பாலம்

நான் போன புதிதில் பாலத்தைச் சுற்றிப் பெரிய கொட்டகை போட்டிருந்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய புனரமைப்பு. ஓட்டை இறக்கி, உத்தரங்களைக் கழற்றி, ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டு, உளுத்த பகுதியை மட்டும் வெட்டிப் புது மரத்தை ஒட்டுப் போட்டார்கள். பொதுமக்கள் உள்ளே வந்து வேலையைப் பார்க்கலாம். எத்தனையோ ஞாயிறுகள் அங்கேயே நின்றிருக்கிறேன். செலவு சுமார் 2,000 கோடி டாங். பதறாதீர்கள், நம் காசில் ஏழு கோடி ரூபாய்க்குள்தான். 2024 ஆகஸ்டில் திறந்தபோது, "பளபளன்னு புதுசா இருக்கே, பழமை போச்சே" என்று அந்த ஊர்க்காரர்களே சண்டை பிடித்தார்கள்.

ஆனால் எது பழைய பாலம்? 1817, 1865, 1915, 1986 என்று பழுது பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மோட்டார் போவதற்காக வளைந்த தளத்தைச் சமமாக்கினார்கள். 1986-ல் மறுபடி வளைத்தார்கள். பழுது பார்த்தவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்ததால்தான் அது இன்னும் பாலம். யாராவது ஒரு தலைமுறை "இதுக்கு மேல முடியாது" என்று சொல்லியிருந்தால், இன்று அங்கே ஒரு கான்கிரீட் கல்வெர்ட் இருக்கும்.

இப்போது நம் கல்லூரி விஷயம். நம் பழைய டிராயிங் ஹாலை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஆறு மாடி கட்டலாம் என்று பேச்சு நடப்பது உங்களுக்குத் தெரியும். போன வருஷக் கூட்டத்தில் "ஒழுகுது, இடிச்சிடலாம்" என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஒளித்து என்ன பயன்? இடம் பற்றாக்குறை என்பதும் உண்மைதான். ஆனால் அன்று கை தூக்கிய எவரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. மெட்ராஸ் டெரஸ் எங்கே விட்டிருக்கிறது, எத்தனை தேக்குக் கட்டை உளுத்திருக்கிறது, எத்தனை நல்லா இருக்கிறது? யாரிடமும் கணக்கு இல்லை. இன்ஜினீயர்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்த கூட்டம் அது!

ஆகவே ஒரு வேண்டுகோள். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிவில் அண்ணன்களும் தம்பி தங்கைகளும் டிராயிங் ஹால் வாசலுக்கு வாருங்கள். ஏணி, டார்ச், சுத்தியல் நான் கொண்டு வருகிறேன். கட்டை கட்டையாகத் தட்டிப் பார்த்து எண் போடுவோம். அதற்குப் பிறகு கை தூக்குவோம், எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி.