கல்லுப்போடு வரும் சிவப்பு

கோடையில் உப்புநீர் முற்றிய பாத்திகள் சில நேரம் ரோஜா நிறமாகத் திரும்பும். அந்த நிறத்துக்குக் காரணமான உயிர்களில் ஒன்று ஹாலோபாக்டீரியம். உப்புக்கல் விளையும்போது உள்ளே சிக்கும் துளி நீரில் அதுவும் சிக்கிக்கொள்ளும், சாகாது. மூட்டையில் ஏறிக் கருவாடு போடும் ஊர்களுக்குக் கிளம்பிவிடும்.

பழவேற்காட்டுக் குப்பங்களில் விற்காத மீனைக் கீறி, குடலெடுத்து, செவுளிலும் உப்பை அடைத்துத் தொட்டியில் அடுக்குவார்கள். மீனை அழுகவைக்கும் கிருமிகள் பெரும்பாலும் அந்த உப்பில் ஒடுங்கிவிடும். ஹாலோபாக்டீரியத்துக்கோ 20 முதல் 25 சதவீத உப்பு இருந்தால்தான் செழிப்பு. உப்பில்லாமல் வெயிலில் மட்டும் காயும் நெத்திலியை இது தீண்டுவதில்லை.

நன்றாகக் காய்ந்த கருவாட்டில் அடங்கிக் கிடக்கும். மழைக்காலத்தில் சாக்குக்குள் ஈரம் ஏறினால் தலைதூக்கும். முதலில் செவுளோரம் இளஞ்சிவப்புப் புள்ளி. விரல் வைத்தால் பிசுபிசுக்கும். பிறகு சதை இளகி முள்ளைவிட்டுக் கழலும், நாற்றமெடுக்கும். மனிதருக்கு நோய் தரும் உயிரல்ல இது. ஆனாலும் சிவந்த கருவாட்டை யார் வாங்குவார்கள்? நஷ்டம் முழுக்க கூடை சுமக்கும் பெண்ணுக்குத்தான்.

அமெரிக்காவின் குளொஸ்டரில் உப்பிட்ட காட் மீன் கோடைதோறும் சிவந்தபோது, தாவரவியலாளர் வில்லியம் ஃபார்லோ அதன் தடத்தை ஸ்பெயினின் காடிஸ் உப்பு வரை பிடித்துப் போனார். அவருடைய அறிக்கை 1880இல் வந்தது. இந்த உயிர் பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம் என்பது 1977இல் கார்ல் வோஸின் ஆய்வுக்குப் பிறகே தெளிவானது.

ஆய்வகத்திலும் இது எளிதில் அகப்படாது. உணவுச் சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் வளர்ப்பூடகத்தில் உப்பு போதாது. அதில் ஒன்றும் முளைக்காமல், சிவக்கப்போகும் கருவாடும் நல்ல கருவாடாகத் தேறிவிடும். 20 சதவீதத்துக்கு மேல் உப்பிட்ட ஊடகத்தில் வைத்து, ஒன்றிரண்டு வாரம் பொறுத்தால்தான் சிவப்புத் திட்டுகள் தெரியும். அதற்குள் சரக்கு சந்தைக்கே போய்விடும். அதனால் செவுளைப் பிரித்துப் பார்க்கும் கருவாட்டுக்காரம்மாவின் கண்ணையே நான் முதல் சோதனையாகச் சொல்வேன்.

நல்ல தண்ணீர் பட்டால் இதன் உடல் வெடித்துச் சிதறும். தொட்டியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைப்பது அதனால்தான் முக்கியம். கரிப்பு நீர் ஊறும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் அந்தத் தண்ணீருக்கே திண்டாட்டம். உப்பிலும் கருவாட்டுக்கென்று வாய்ப்பது பெரும்பாலும் மட்டமானதுதான். இதை மாற்றாமல் மீனவப் பெண்களுக்குச் சுத்தம் பற்றி வகுப்பெடுப்பது நியாயமில்லை. கால்சியம் புரோப்பியனேட்டை உப்புத்தூளோடு கலந்து தூவினாலும் சிவப்பு தள்ளிப்போகும். ஆனால் சிவந்த மீனிலிருந்து உதறிய உப்பை அடுத்த தொட்டியில் போட்டால், கூடவே அதுவும் அங்கே குடியேறிவிடும்.