புயல், சூறைக்காற்று வீட்டுக் காப்பீடு

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம் கடலோர ஊரல்ல. ஆனாலும் கூரையைப் பெயர்க்கும் காற்று கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் வரை உள்நாட்டைத் தாக்கியது. சேந்தமங்கலம் பகுதியில் சித்திரை, வைகாசிக் கோடைமழையோடு வரும் சூறைக்காற்றே பெரிய அச்சம். சிமெண்ட் அட்டைக் கூரைகளும் வாழைத் தோட்டங்களும் முதலில் விழும்.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் பாரத் கிருக ரக்ஷா பாலிசி புயல், சூறாவளி, வெள்ளம், நிலநடுக்கம், தீ ஆகியவற்றால் வீட்டுக்கு நேரும் சேதத்தை ஏற்கிறது. கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். தொகையைக் குறைத்துக் காட்டியதற்காக இழப்பீட்டை விகிதப்படி வெட்டக்கூடாது என்ற விதி, இதன் மிக நல்ல அம்சம். நகரவாசிகள்கூட அதிகம் அறியாத இந்தப் பாலிசியைச் சிற்றூர்களுக்கு எடுத்துச் சொல்வது அவசரத் தேவை.

அரசு நிவாரணம் காப்பீட்டுக்கு ஈடாகாது: 2022–26 விதிப்படி, சமவெளியில் முழுதும் இடிந்த நிலையான வீட்டுக்கு 1,20,000 ரூபாய்.

காற்றுக்காலத்துக்கு முன் அட்டையின் கொக்கி போல்ட்டுகளை முடுக்கி, கூரைமேல் சாயும் கிளைகளை வெட்டி, வீட்டை நாற்புறமும் படமெடுத்து வைக்க வேண்டும். சேதம் நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை உடைந்த அட்டைகளை அப்புறப்படுத்தலாகாது.