பயணச்சீட்டு விற்காத பாதைகள்

பண்டைத் தமிழ்ப் புலவர் மன்னரையும் மறவரையும் பாடியதோடு நின்றாரல்லர். உப்பு வணிகராகிய உமணரையும் பாடினர். நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமும் கடந்து உள்நாட்டுக்குச் சென்ற அவர்தம் வண்டிகள் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. வழியில் அச்சு முறிந்தால் உதவும் பொருட்டு, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிச் செல்வர். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். சரக்கு வண்டியின் அடியில் கட்டியிருந்த ஒரு மரத்துண்டுக்கும் நம் இலக்கியத்தில் இடம் கிடைத்தது என்பதை எண்ணி மகிழ்கிறோம். ஆயின், நம் காலத்துச் சரக்கு வண்டிகளுக்கு நாம் அத்தகைய இடம் அளித்தோமா?

பிழைப்பை நாடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஓர் இரயில் கதை உண்டு. தகரப் பெட்டி, கூஜா, புளியோதரைப் பொட்டலம், இரண்டு இரவுப் பயணம், மொழி தெரியாத நிலையத்தில் இறங்கி நின்ற விடியல் ஆகியவற்றை நம் பெரியோர் சலியாது சொல்வர். அவை யாவும் பயணி வண்டியின் கதைகள். நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்தது பயணி வண்டிதான். ஆனால் நம்மை இங்கே வாழவைத்தது சரக்கு வண்டி. நிலக்கரியும் இரும்புத் தாதும் சுண்ணாம்புக் கல்லும் நாள்தோறும் வந்து சேராதிருந்தால் எஃகு நகரங்கள் இல்லை. அவற்றின் குடியிருப்புகள் இல்லை. அக்குடியிருப்புகளில் தோன்றிய தமிழ்ச் சங்கங்களும் இல்லை.

அந்த வரலாற்றின் தொடக்கத்தைச் சற்று நோக்குவோம். 1956இல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய மூன்று இடங்களில் அரசின் எஃகு ஆலைகளை எழுப்ப முற்பட்டது. ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் எஃகு வார்க்கும் அளவினது. பிலாயின் முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் 1959 பிப்ரவரி 4ஆம் நாள் தொடங்கி வைத்தார். ஒரு டன் எஃகு வெளிவர வேண்டுமாயின் அதனினும் பன்மடங்கு எடையுள்ள மூலப்பொருள் உள்ளே செல்ல வேண்டும். இவ்வளவு சுமையை நீராவி எஞ்சின்களைக் கொண்டு மட்டும் இழுத்தல் அரிதாயிற்று. நீராவி எஞ்சினுக்கு இடையிடையே நீர் நிரப்ப வேண்டும். கரி ஏற்ற வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அத்தொல்லைகள் இல்லை.

எனவே அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து 100 டீசல் எஞ்சின்கள் வாங்கப்பட்டன. 1957 முதல் வந்திறங்கிய அவற்றுக்கு டபிள்யூ.டி.எம்.-1 என்று பெயரிட்டனர். முதல் எழுத்து அகலப் பாதையையும், இரண்டாவது டீசலையும், மூன்றாவது பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் ஏற்றது என்பதையும் குறிக்கும். 12 சிலிண்டர், ஆறு அச்சு, ஒரு முனையில் மட்டும் ஓட்டுநர் அறை. இவை அதன் அடையாளங்கள். கிழக்குப் பகுதியின் நிலக்கரி, தாது, எஃகுச் சரக்குகளை இழுக்கும் பணியில் அவை பெரிதும் ஈடுபட்டன.

1962இல் அதன் தம்பி வந்தது. டபிள்யூ.டி.எம்.-2 எனப்பட்ட அது 16 சிலிண்டரும் 2,600 குதிரைத்திறனும் ஏறக்குறைய 113 டன் எடையும் கொண்டது. அதனை நம் நாட்டிலேயே செய்வதற்கென ஆல்கோவின் ஒத்துழைப்போடு வாரணாசியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964 சனவரியில் அங்கிருந்து முதல் எஞ்சின் வெளிவந்தது. பின்னர் அவ்வகையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை உருவாயின. வியப்பென்னவெனில், தாய் நிறுவனமாகிய ஆல்கோ 1969இலேயே எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. வாரணாசியோ அதன் பிறகும் பல்லாண்டுகள் அதே குலத்து எஞ்சின்களைப் படைத்துக்கொண்டிருந்தது. மூலமரம் பட்டுப்போன பின்னும் விழுது வேரூன்றி நின்ற ஆலமரம் போன்றது இச்செய்தி.

இரயில் அன்பர்கள் இவ்வெஞ்சின்களைக் கண்ணால் காணுமுன் காதால் அறிவர். சுமையேறிய வண்டி புறப்படும்போது ஓட்டுநர் கைப்பிடியை ஒவ்வொரு படியாக உயர்த்துவார். படிகள் மொத்தம் எட்டு. ஒவ்வொரு படிக்கும் குரல் மாறும். அப்போது கூரையிலிருந்து கரும்புகை குபுகுபுவென எழும். அதனை எஞ்சினின் கோளாறு என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. படி உயர்ந்ததும் எரிபொருள் உடனே கூடிவிடும். உள்ளே காற்றை அழுத்தித் தரும் டர்போச் சுழலி தன் வேகத்தைப் பெறச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் காற்றுப் போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரியும், அதுவே அக்கரும்புகை. சுழலி வேகம் கொண்டதும் புகை மெலிந்துவிடும். டீசல் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதும் இல்லை. அது மின்னாக்கியைச் சுழற்றும். மின்னாக்கி தரும் மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்கும். ஆகவே ஒவ்வொரு டீசல் எஞ்சினும் தன்னுள்ளே ஒரு மின்நிலையத்தைச் சுமந்து செல்கிறது எனல் மிகையன்று.

பிலாயில் நாம் சிறுவராயிருந்த நாட்களில், நீராவி எஞ்சின்கள் முற்றும் மறைந்துவிடவில்லை. தல்லி ராஜஹரா சுரங்கங்களிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் கடந்து செந்நிறத் தாது வரும். வாகன்கள் சிவப்பு, தண்டவாளத்தின் ஓரத்துச் சரளை சிவப்பு, கோடையில் உலர்த்திய வேட்டியும் சிவப்பு. இரவில் ஆலைக்குள் கசடு கொட்டும்போது வானமும் சிவக்கும். அதன் ஒளியில் நம் வீட்டுச் சுவரில் சன்னல் கம்பிகளின் நிழல் விழும். அன்னையர் அதைக் காட்டிக் குழந்தைகளுக்குச் சோறூட்டியதும் உண்டு.

முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து ஆலைக்குள் நுழையும் கிளைப் பாதையைச் 'சைடிங்' என்பர். அதற்கெனத் தனி வாழ்வுண்டு. வண்டித்தொடரை இரயில்வே எஞ்சின் வெளியே கொண்டுவந்து விட்டுச் செல்லும். ஆலையின் சிறு எஞ்சின் அதனை உள்ளே தள்ளிச் செல்லும். எடைமேடையில் வாகன்கள் ஒவ்வொன்றாக நிறுக்கப்படும். 'டிப்ளர்' என்னும் பொறி தாது நிறைந்த வாகனைப் பற்றிக் குழந்தையைப் புரட்டுவதுபோல் தலைகீழாகக் கவிழ்க்கும். குறித்த மணிக்குள் வாகன்களைக் காலிசெய்து திருப்பவில்லையெனில் 'டெமரேஜ்' என்னும் தாமதக் கட்டணம் ஏறும். ஆதலால் சைடிங்குக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. பொங்கலென்றும் தீபாவளியென்றும் இல்லை.

ஈண்டு ஒருவரை நினைவுகூர்தல் கடமை. நம் அண்டை வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். வாகன்களைப் பூட்டிப் பிரிக்கும் வேலை அவருடையது. வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. பிலாய்க்கு வருமுன், வேறோர் ஊரில் வேலை செய்த இளமைக் காலத்தில் இழந்தவை அவை. பழைய நான்கு சக்கர வாகன்களைத் திருகுக் கொக்கியால் பிணைப்பர். அதற்கு ஒருவர் இரு வாகன்களின் இடையே குனிந்து நுழைந்து, கனத்த கொக்கியைத் தூக்கி மாட்டித் திருக வேண்டும். இருபுறமும் இடிதாங்கிகள், எஞ்சின் ஓரடி அசைந்தால் போதும். பின்னர் வந்த எட்டுச் சக்கர 'பாக்ஸ்' வாகன்களில் இரு கைகள் கோத்துக்கொள்வதுபோல் தாமே பூட்டிக்கொள்ளும் நடுக்கொக்கி அமைந்தது. இடையே நுழையும் தேவை குறைந்தது. அவ்வாகன் ஒன்றில் 55 டன் அளவுக்குச் சரக்கு ஏறும் என்று பொறியியல் நூல்கள் சிறப்பித்துப் பேசுகின்றன. அது எத்தனை விரல்களைக் காத்தது என்று எந்நூலும் கணக்கிடவில்லை.

வண்டியெண்களைக் குறித்துக்கொள்ளச் சிறு நோட்டுடன் சைடிங் ஓரம் நின்ற நம்மை அவர் ஒருநாள் அழைத்தார். "தம்பி, எஞ்சின் நம்பரை எழுதுகிறாய், சரி. அதை ஓட்டுகிறவன் பேரை எழுதினாயா?" என்று கேட்டார். அன்று நாம் சிரித்துவிட்டு ஓடினோம். இன்று அந்த நோட்டுகளைப் புரட்டுகையில் எண்கள் மட்டுமே உள்ளன. அவருடைய கேள்விக்கு விடை அவற்றில் இல்லை.

டீசல் எஞ்சின்களின் வீரத்தை அறிய விரும்புவோர் கிழக்குத் தொடர்ச்சி மலையை நோக்க வேண்டும். பைலாடிலாவின் இரும்புத் தாதை ஜப்பானுக்கு அனுப்ப 1960இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் விளைவாகக் கிரண்டுலிலிருந்து கொத்தவலசை வரை ஏறக்குறைய 445 கிலோமீட்டர் நீளப் பாதை மலைகளைக் குடைந்து அமைக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் அது பயனுக்கு வந்தது. அதில் சுரங்கவழிகள் மட்டும் 58 என்பர். சிமிலிகுடா நிலையம் கடல்மட்டத்திலிருந்து 996 மீட்டர் உயரத்தில் உள்ளது. தாது நிறைந்த வண்டி அங்கிருந்து போரா குகைகளைக் கடந்து விசாகப்பட்டினத்துக் கடற்கரைக்கு இறங்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களைப் பிணைத்து ஒரே ஓட்டுநர் இயக்குவார். நம் உமணர் கட்டிச் சென்ற சேம அச்சு முறிந்தபோது உதவக் காத்திருந்தது. இங்கே துணை எஞ்சின் புறப்பட்டது முதலே தோள் கொடுத்தது.

ஏறுவதினும் இறங்குவதே அரிது. சக்கரத்தில் உரசும் பிரேக்குக் கட்டைகளை மட்டும் நம்பினால் அவை சூடேறிப் பிடி தளரும். ஆகவே இறக்கத்தில், வண்டியை இழுக்கும் மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றிவிடுவர். அவை மின்சாரம் படைக்கும் முயற்சியில் சக்கரங்களின் வேகத்தை விழுங்கும். பிறந்த மின்சாரம் கூரையருகிலுள்ள கம்பித் தட்டுகளில் வெப்பமாகிக் காற்றில் கலக்கும். 1980களின் தொடக்கத்தில் இப்பாதை மின்மயமாயிற்று. டீசலின் ஆட்சி அங்கே முடிந்தது.

பிற இடங்களிலும் மெல்ல மெல்ல அது முடிந்தது. டபிள்யூ.டி.எம்.-1 வகை பணியிலிருந்து மறைந்தது. டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்களும் பெரும்பாலும் உடைத்து இரும்பாக விற்கப்பட்டன. வாரணாசித் தொழிற்சாலையே மின் எஞ்சின் கட்டத் தொடங்கி, 2020இல் தன் பெயரிலிருந்த 'டீசல்' என்னும் சொல்லையும் நீக்கிக்கொண்டது. இதனைக் குறையாகச் சொல்கிறோம் அல்லோம். புகை குறைந்தது நன்றே. புதுதில்லியின் தேசிய இரயில் அருங்காட்சியகம் பழைய எஞ்சின்கள் சிலவற்றைப் பேணிவருகிறது. எஞ்சினைக் காக்க அருங்காட்சியகம் உண்டு. சைடிங்கைக் காப்பது யார்?

பயணி வண்டிக்குக் கால அட்டவணை உண்டு; பயணச்சீட்டு உண்டு; நிலையத்தின் பெயர்ப்பலகை உண்டு. சைடிங்குக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அதில் யாரும் சீட்டு வாங்கிப் பயணம் செய்ததில்லை. ஆலை ஒன்று மூடப்பட்டால் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிடுவர். இரண்டு மழைக்காலம் போனால் தடமும் புல்லில் மறையும். பிறகு அப்படி ஒரு பாதை இருந்தது என்பதற்கு, அதன் ஓரம் வாழ்ந்தவர் நினைவையன்றிச் சான்றில்லை. அவ்வாறு வாழ்ந்தவருள் நாமும் உள்ளோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. புலம்பெயர்ந்த தமிழரின் வரலாறு கோயில் குடமுழுக்கிலும் சங்க ஆண்டுவிழாவிலும் மட்டும் இல்லை; அது எடைமேடையிலும் எட்டாம் படியிலும் திருகுக் கொக்கியிலும் இருக்கிறது.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பெரியவர் எந்தச் சைடிங்கில், எந்த ஆண்டில், என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கூட வேலை செய்த தெலுங்கர், ஒடியர், சத்தீஸ்கரியர் பெயர்களையும் கேளுங்கள். பழைய புகைப்படத்தின் பின்புறம் ஊரும் ஆண்டும் குறியுங்கள். எஞ்சின் எண் நினைவிருந்தால் நன்று. ஓட்டியவர் பெயர் நினைவிருந்தால் அதனினும் நன்று.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, வண்டி நின்ற நிலையத்தில் தண்டவாளத்தின் பக்கவாட்டை உற்று நோக்குங்கள். அதை உருட்டிய ஆலையின் குறியும் ஆண்டும் அதில் புடைத்து நிற்கும். இந்திய இரயில்வேயின் தண்டவாளங்களுள் பெரும்பகுதி பிலாயில் உருவானது. ராஜஹராவின் செம்மண் சைடிங் வழியே உள்ளே சென்று, எஃகாகி, அதே சைடிங் வழியே வெளியே வந்து, நாம் பிறந்த மண்வரை நீண்டு கிடக்கிறது. அதில் ஆலையின் பெயர் இருக்கிறது. அதன் பின்னே நின்ற மனிதரின் பெயரை எழுத வேண்டியவர்கள் நாம்.