உழைக்க விழையும் கைகளுக்கு ஓர் இடம்

கெடாத் தோட்டப்புற மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், காடழித்துக் கித்தா நட்ட உழைப்பையும், 1946-47ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த தொண்டர் படையையும், பின்னாளில் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலையும் மறவாது குறிப்பிடுவர். ஆயின், அந்த உழைப்பிலேயே கையையோ காலையோ கண்ணையோ இழந்தவர்களும், பிறவியிலேயே உடற்பேறு குறைந்தவர்களும் என்ன ஆனார்கள் என்பதை எழுதியவர் மிகச் சிலரே. அவர்களுக்கு வேலை தேடித் தரும் பொறுப்பை அரசு எப்போது ஏற்றது, ஏற்ற பின்னும் அது ஏன் கைகூடவில்லை என்பது ஆராயத்தக்க வரலாறு ஆகும்.

கப்பலேற்றிய காலம்

1909ஆம் ஆண்டு ஆங்கிலேய-சயாமிய உடன்படிக்கையால் கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் மேலாண்மைக்கு மாறியது. அதன்பின் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்க்க உதவியது, 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதியாகத் தொடங்கி இந்தியக் குடியேற்ற நிதி எனப் பெயர் மாறிய அமைப்பாகும். தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலை செய்த தென்னிந்தியத் தொழிலாளரின் கணக்குப்படி அதற்குப் பணம் செலுத்தினர். வருவோரின் கப்பற் செலவை ஏற்ற அதே நிதிதான், நோயுற்று உடல் தளர்ந்து வேலைக்கு ஆகாதோர் எனக் கருதப்பட்டோரைத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பும் செலவையும் ஏற்றது. கரும்பைப் பிழிந்து சாற்றை இங்கே வைத்துக்கொண்டு, சக்கையைக் கடல் கடத்தினார்கள். அக்காலத்தில் உடற்பேறு குறைந்த தொழிலாளிக்கு வேலை தேடும் கேள்வியே எழவில்லை; அவனுக்குக் கிடைத்தது பயணச்சீட்டு ஒன்றே.

பின்னர்ப் போர் வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காட்டுப் புண்கள் காலை அரித்ததால் பலர் மாண்டனர். சிலர் கால் இழந்தனர். 1943 அக்டோபரில் கெடாவையே ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்துவிட்டனர். இவர்கள் இவ்வாறு அல்லலுற்ற நாளில், 1944ஆம் ஆண்டு, இலண்டன் நாடாளுமன்றம் உடற்குறையுற்றோர் வேலைவாய்ப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இருபது பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, நூற்றுக்கு மூவர் என்ற கணக்கில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. போர் முடிந்து அதே பிரிட்டிஷார் கெடாவுக்குத் திரும்பி வந்தனர். ஆனால் அந்த விதி அவர்களோடு கப்பலேறி வரவில்லை.

இழப்பீடு வந்தது, வேலை வரவில்லை

1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு முன்னேற்றமே. வேலையின்போது விரல் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என உறுப்புக்கு ஒரு விகிதம் வகுத்து, மொத்தத் தொகை கொடுக்க அது வழி செய்தது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், அதன்வழி 1971இல் தோன்றிய பெர்கேசோ எனப்படும் சொக்சோ நிறுவனமும் அதனினும் ஒரு படி மேலே சென்று, மாதந்தோறும் ஓய்வூதியம் கிடைக்கச் செய்தன. ஆயினும், இவையாவும் இழந்த உறுப்புக்கு விலை கூறினவே தவிர, எஞ்சிய உடலுக்கு வேலை கூறவில்லை.

உண்மையில் அக்காலத்தில் வேலை கொடுத்தது சட்டமன்று, தோட்டத்தின் வழக்கமே. கால் ஊனமுற்றவர் காவல் வேலை பார்த்தார். பால் வெட்ட இயலாதவர் லயத்து வாசலைக் கூட்டினார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். கோயிலுக்குத் துணையாய் இருந்தார். இது உரிமையன்று, துரையும் கிராணியும் காட்டிய தயவு. மறுத்தால் கேட்க வழியில்லை. வேலை போனால் வீடும் போகும் என்பதால், குடும்பத்தார் வாய் திறவாதிருந்தனர். எனினும், ஒருவரை மற்றவர் அறிந்த சமூகத்தில் ஒவ்வொருவரின் இயல்புக்கேற்ற ஒரு சிறு வேலை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபோது அந்தச் சிறு வேலைகளும் மறைந்தன. மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தனர். 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தொழிற்சாலைகள் சான்றிதழ் கேட்டன. நேரத்துக்கு வரும் கால்களைக் கேட்டன. தோட்டத்தில் அறிந்த முகமாயிருந்தவர், பட்டணத்தில் அரசு முகப்பிடத்தின் முன் ஒரு வரிசை எண்ணாக நின்றார்.

ஒரு விழுக்காட்டின் கதை

ஐக்கிய நாட்டு நிறுவனம் 1981ஆம் ஆண்டை உடற்பேறு குறைந்தோர் ஆண்டாக அறிவித்தது. மறு ஆண்டே, அவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு வருமான வரிச் சலுகை அளிக்கும் விதி மலேசியாவில் வந்தது. 1988ஆம் ஆண்டின் 10ஆம் எண் பணிச் சுற்றறிக்கை, அரசுப் பணியிடங்களில் ஒரு விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்கியது. நூற்றுக்கு ஒருவர்! 1944இன் பிரிட்டிஷ் சட்டம் கூறியதில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் எட்டப்படவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், 2020ஐ ஒட்டி வெளிவந்த அரசு விவரங்கள் அது அரை விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்றே காட்டின. அதே காலத்துக்குள் சமூக நல இலாகாவில் பதிந்துகொண்டோர் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைக் கடந்துவிட்டது.

காரணங்கள் யாவை? முதலாவது, சுற்றறிக்கை சட்டமன்று. இடத்தை நிரப்பாத இலாகாவுக்குத் தண்டமில்லை. 2008 ஜூலையில் நடப்புக்கு வந்த உடற்பேறு குறைந்தோர் சட்டம் 29ஆம் பிரிவில் வேலைக்கான உரிமையைக் கூறியது. ஆனால், அதே சட்டம் 41ஆம் பிரிவில் அரசின்மீது வழக்குத் தொடுக்க இயலாதபடி கதவை அடைத்தது. மீறுவோர்க்குத் தண்டனையும் வகுக்கவில்லை. ஜப்பானோ 1976லேயே ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கி, நிறைவேற்றாத பெரிய நிறுவனங்களிடம் தொகை வசூலித்தது. கேட்க ஆளில்லாத உரிமை, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாததைப் போன்றதே.

இரண்டாவது காரணம் கல்வி. அரசுப் பணிக்குத் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். ஆனால், 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் துணையின்றித் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பள்ளிக்குத் தகாதோர் என விலக்கின. எந்தப் பிள்ளையையும் மறுக்கலாகாது என்ற கொள்கை 2019இல்தான் வந்தது. பள்ளி வாயிலில் தடுக்கப்பட்டவன், அலுவலக வாயிலில் சான்றிதழ் இல்லை என்று மீண்டும் தடுக்கப்பட்டான். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இத்தடை இன்னும் உயரமானது. பார்வையற்றோர்க்குப் பினாங்கின் செயின்ட் நிக்கலஸ் இல்லமும், 1953இல் கோலாலம்பூரில் தோன்றிய கர்னி பயிற்சி நிலையமும், செவிப்புலனற்றோர்க்கு 1954இல் பினாங்கில் அமைந்த பள்ளியும் இருந்தன. கெடாத் தோட்டத்துப் பிள்ளையோ, வீட்டையும் தாய்மொழியையும் விட்டுச் சென்றாலன்றி அவற்றை அடைய முடியாது.

மூன்றாவது காரணம் சேவையின் அமைப்பு. மருத்துவர் கையொப்பம், நல இலாகாவின் அட்டை, தொழில் இலாகாவின் பதிவு என ஒருவர் பல படிகளை ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் பெயர் எழுதப்பட்டது, வேலை எழுதப்படவில்லை. பதிந்தவரின் ஆற்றல் என்ன, எந்த ஆலையில் எந்த மேசையை எவ்வாறு மாற்றினால் அவர் அமர்ந்து வேலை செய்யலாம் என்று நேரில் சென்று பார்க்கும் ஆள் இருந்தாலன்றிப் பதிவேடு பயன் தராது. வேலை கிடைத்தவரையும் பேருந்துச் செலவு அச்சுறுத்திற்று. குறைந்த ஊதியக்காரர்க்கு மாத உதவித்தொகை உண்டு. 2021இல் அது 450 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால், ஊதியம் வரம்பைத் தாண்டினால் அது நின்றுவிடும் என்பதால், ஊதிய உயர்வே ஒரு கவலையாக மாறியது.

வழி இல்லாமல் இல்லை

நேரில் சென்று பார்க்கும் முறை பலன் தரும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 2007இல் பெர்கேசோ தொடங்கிய மீண்டும் பணிக்குத் திரும்பும் திட்டத்தில், காயமுற்ற தொழிலாளிக்கு ஒரு பொறுப்பதிகாரி நியமிக்கப்படுகிறார். அவர் மருத்துவரிடமும் முதலாளியிடமும் பேசி, வேலையைத் தொழிலாளிக்கேற்ப அமைக்க முயல்கிறார். 2005 முதல் ஜப்பானிய அரசின் ஜைக்கா அமைப்பின் துணையோடு நல இலாகா கற்பித்த வேலைத் துணைவர் முறையும் இத்தகையதே. ஆயின், முதல் திட்டம் சந்தா செலுத்திய தொழிலாளிக்கே உரியது. ஆலையில் கையிழந்தவருக்கு ஒரு வழிகாட்டி உண்டு. கையின்றிப் பிறந்து ஒரு நாளும் வேலைக்குச் சேராதவருக்கோ அது இல்லை. 2020 முதல் மைஃபியூச்சர்ஜோப்ஸ் எனும் வேலைவாய்ப்புத் தளம் பெர்கேசோவின் பொறுப்பில் இயங்குவதால், இழப்பீடு கொடுக்கத் தோன்றிய நிறுவனமே வேலை தேடித் தரும் நிறுவனமாகவும் ஆகியுள்ளது. இவ்வாய்ப்பைக் கொண்டு அந்த வழிகாட்டியை எல்லார்க்கும் உரியவராக்குவதே முறையாகும்.

முதலில் திருப்பியனுப்பினோம், பின்பு விலை கொடுத்தோம், அதன்பின் பெயர் எழுதினோம். நூறாண்டுக் கெடா வரலாற்றில் இம்மூன்று படிகளும் மனிதனை அவனது குறையைக் கொண்டே அளந்தன. நான்காம் படி, அவனிடம் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கொண்டு அளப்பதாக அமைய வேண்டும். ஒரு விழுக்காடு தண்டத்தோடு கூடிய சட்டமாக வேண்டும். பாலிங்கிலும் குருணிலும் வாழும் ஏழைத் தாய் தன் மொழியில் கேட்டு விளங்கிக்கொள்ளத்தக்க சேவை வேண்டும். தமிழ்ப்பள்ளிகளும் ஆலயங்களும் தத்தம் வட்டாரத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடப்போரைக் கணக்கெடுத்து, பதிவுக்கும் பயிற்சிக்கும் அழைத்துச் செல்லும் தொண்டை மேற்கொள்ள வேண்டும். பழைய தோட்டம் தயவாகக் கொடுத்த அந்தச் சிறு இடத்தை, இன்றைய நாடு உரிமையாகக் கொடுப்பதே நீதியாகும்.